தேயோஸ் தந்த கவி அனாக்கிரியோன்

ஆசியா மைனரின் மேற்குக் கரையில், ஈஜியக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலமுனையின் கழுத்தில் தேயோஸ் என்னும் சிறு பட்டினம் இருந்தது. வடக்கே ஒரு துறை, தெற்கே ஒரு துறை. பின்புறத்தே திராட்சைக்கும் ஒலிவத்திற்கும் உகந்த மண். அயோனியர் எனப்பட்ட கிரேக்க இனத்தார் அக்கரையை ஒட்டி அமைத்த 12 நகரங்களுள் இதுவும் ஒன்று. சங்க நூல்களில் யவனர் என வழங்கும் பெயர், அயோனியர் என்னும் அப்பெயரே பாரசீக வழக்கின் வழியாகத் திரிந்து இந்திய மொழிகளை அடைந்ததாகும் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளலாம். மிலேட்டஸ் போலவோ எபேசஸ் போலவோ தேயோஸ் மாநகராக வளர்ந்ததில்லை. ஆயினும் அயோனிய நாட்டின் நடுவே அது அமைந்திருந்தமையால், 12 நகரங்களுக்கும் பொதுவானதோர் ஆட்சி மன்றத்தை அங்கே நிறுவுதல் வேண்டும் என்று மெய்யியலறிஞர் தேலீஸ் கருத்துரைத்தார் என வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். அக்கருத்தை எவரும் ஏற்றிலர். ஒன்றுபடாமையின் விலையைக் கொடுக்க நேர்ந்த ஊர்களுள் தேயோசும் ஒன்றாயிற்று.

இவ்வூரில் கி.மு. 575-ஐ ஒட்டி, ஸ்கித்தினோஸ் என்பாரின் மைந்தராகப் பிறந்தவர் அனாக்கிரியோன். தலையில் மலர்மாலை, ஒரு கையில் மதுக்கிண்ணம், மறு கையில் யாழ், தள்ளாடும் நடை, தீராத சிரிப்பு என்று அவரை உலகம் நெடுங்காலமாக வரைந்து வைத்திருக்கிறது. அவ்வோவியம் முற்றிலும் பொய் என்று தள்ளுவதற்கில்லை. விருந்துக்குரிய பாடல்களில் அவர் வல்லவராக இருந்ததும் உண்மையே. ஆனால் ஊர் இழந்தவர், இரு வல்லாட்சியாளர்களின் அவையில் உண்டவர், அவ்விருவரும் கொலையுண்ட செய்தியைக் கேட்டவர் என்னும் செய்திகளுக்கு அவ்வோவியத்தில் இடமேயில்லை. கவிஞர்களும் அவரைப் படிக்கும்போது இதை மறந்துவிடுகின்றனர்.

கி.மு. 546 அளவில் பாரசீக மன்னர் சைரஸ் லிடிய நாட்டின் தலைநகராகிய சார்டிசைக் கைப்பற்றினார். அதன்பின் அவருடைய படைத்தலைவர் ஹார்ப்பகஸ் கடற்கரை நகரங்களை ஒவ்வொன்றாக முற்றுகையிட்டார். மதிலின் புறத்தே மண்ணைக் கொட்டிக் கொட்டி மேடாக்குவது அவருடைய போர்முறை. மேடு மதிலின் உயரத்தை எட்டிவிட்டால் ஊர் வீழ்ந்தது என்றே பொருள். தேயோசிலும் மண்மேடு மதிலை எட்டியது. ஊரார் சரணடையவில்லை, தெருவில் நின்று மடியவும் இல்லை. மனைவி மக்களோடு கலங்களில் ஏறி ஒட்டுமொத்தமாகக் கடலிற் சென்றனர். அயோனிய நகரங்களுள் இவ்வாறு செய்தவை இரண்டே. மற்றொன்று போக்கேயா. அவ்வூரார் இரும்புக் கட்டியொன்றைக் கடலில் இட்டு, அது மீண்டும் மேலே மிதக்கும்வரை திரும்புவதில்லை என்று சூளுரைத்துவிட்டுப் புறப்பட்டனர். புறப்பட்டவருள் பாதிப்பேர்க்கு மேல் ஊர்ப்பற்றை வெல்ல இயலாமல் வழியிலேயே திரும்பிவிட்டனர். தேயோசார் சூளுரை எதுவும் செய்ததாகச் செய்தி இல்லை. அப்போது அனாக்கிரியோனுக்கு ஏறத்தாழ 30 வயது.

வடக்கே திரேஸ் நாட்டின் கரையில், நெஸ்டோஸ் ஆற்றின் முகத்துவாரத்திற்கு அருகே அவர்கள் கரையேறிய இடம் அப்தேரா. அது வெற்று நிலமன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கிளாசோமெனே நகரத்துத் திமேசியோஸ் என்பவர் அங்கே குடியேற்றம் அமைக்க முயன்று, திரேசியரால் விரட்டப்பட்டுத் தோற்றுப் போனார். அவ்வாறு தோற்ற மனிதரையே தேயோசார் தம் புது ஊரின் வீரத் தெய்வமாக வைத்து வழிபட்டனர் என்கிறார் ஹெரோடோட்டஸ். வென்றவர்க்கு நடுகல் எடுப்பது எங்கும் உள்ள வழக்கு. தமக்கு முன்னே அதே மண்ணில் தோற்றவரை வணங்கிவிட்டுக் குடிபுகுந்த இம்மக்களின் மனநிலை எண்ணத்தக்கது. இரு நகரங்களும் தம் நாணயங்களில் கழுகின் தலையும் சிறகும் சிங்கத்தின் உடலும் கொண்ட கிரிபின் என்னும் விலங்கையே பொறித்தன. தேயோசின் கிரிபின் வலப்புறம் நோக்கும். அப்தேராவின் கிரிபின் இடப்புறம் நோக்கும்.

திரேசில் அமைதி இல்லை. புதுக்குடிகள் அங்குள்ள மக்களோடு போரிட்டே நிலத்தைக் காக்க வேண்டியிருந்தது. அப்தேராவுக்காகப் போரிட்டு மாண்ட அகத்தோன் என்னும் இளைஞனுக்கு ஊரே திரண்டு சிதையருகே அழுததைக் கூறும் நான்கு அடி இரங்கற்பா ஒன்று அனாக்கிரியோனின் பெயரால் வழங்குகிறது. தாயகத்தின் மீது கொண்ட ஏக்கத்தால் பருவமல்லாப் பருவத்தில் கடலிற் புறப்பட்டு அலைக்கு இரையான கிளேயனோரிதேஸ் என்பவனைப் பற்றிய இன்னொரு கல்லறைப் பாவும் அவர் பெயரில் உண்டு. இவை அவருடையனவே என்று எல்லா ஆய்வாளரும் ஒப்புவதில்லை. எனினும் அவருடைய பெயரோடு இத்தகைய பாக்களைச் சேர்த்து வைக்கலாம் என்று பழங்காலத்தார் கருதியது வெறும் தற்செயலாகாது. கேடயத்தை ஆற்றங்கரையில் எறிந்ததைச் சொல்லும் ஒரு துணுக்கும் எஞ்சியுள்ளது. எறிந்தவர் கவியா வேறொருவரா என்பது அத்துணுக்கில் தெளிவில்லை. திரேஸ் நாட்டு இளங்குதிரை ஒன்று தன்னைக் கடைக்கண்ணால் நோக்கி ஓடுவதாகவும், அதற்குக் கடிவாளமிடத் தனக்குத் தெரியும் என்பதாகவும் அமைந்த அவருடைய பாடல் பெரும்புகழ் பெற்றது. பெண்ணொருத்தியைக் குதிரையாக உருவகித்த அப்பாடலுக்கும் திரேஸே களம்.

அப்தேராவிலிருந்து அவர் சாமோஸ் தீவுக்கு எப்போது சென்றார் என்று ஆண்டு குறிக்க இயலாது. அங்கே பொலிகிராட்டிஸ் ஆண்டுகொண்டிருந்தார். மரபுரிமையின்றித் தம் வலிமையால் ஆட்சியைப் பிடித்தவரைக் கிரேக்கர் திராண்ணோஸ் என்பர், பொலிகிராட்டிஸ் அவ்வகையினர். 50 துடுப்புக் கலங்கள் நூறும் வில்லாளர் ஆயிரவரும் அவரிடம் இருந்தனர். மலையின் இரு புறத்திலிருந்தும் ஒரே நேரத்தில் குடைந்து நடுவே இணைத்த, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள யூபலினோசின் நீர்ச்சுரங்கம் இன்றும் அத்தீவில் காணத்தக்கது. கடற்கொள்ளைக்கும் கட்டடக்கலைக்கும் கவிதைக்கும் ஒரே கையால் பொருள் வழங்கிய அரசவை அது. இபிகோஸ் என்னும் மற்றொரு பாவலரும் அவ்வவையில் இருந்தார். அனாக்கிரியோனின் பாக்கள் முழுவதும் பொலிகிராட்டிசைப் பற்றிய குறிப்புகளே நிறைந்திருந்தன என்று நிலநூலாசிரியர் ஸ்டிராபோ எழுதுகிறார். இன்று எஞ்சியுள்ள துணுக்குகளிலோ அம்மன்னரின் பெயர் காணப்படவில்லை. புரவலரைக் காலம் எவ்வளவு எளிதாகத் தூற்றிவிடுகிறது!

மன்னர் அளித்த ஐந்து தாலந்து பொன்னைக் காவல் காக்கும் கவலையால் இரண்டு இரவுகள் உறக்கமின்றித் தவித்து, மூன்றாம் நாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் கவி என்றொரு கதை உண்டு. இதனினும் பொருள் பொதிந்தது ஸ்மெர்தியஸ் என்பவனின் கூந்தல் பற்றிய செய்தி. திரேசிலிருந்து சாமோசுக்கு வந்த அழகிய இளைஞன் அவன். நீண்ட கூந்தலை உடையவன். கவி அவனைப் புகழ்ந்து பாடியதும் அவன் கவியிடம் பற்றுக் கொண்டதும் கண்டு பொறாமையுற்ற பொலிகிராட்டிஸ், அவனுடைய கூந்தலை மழித்துவிடச் செய்தார். அனாக்கிரியோன் அதைப் பாடினார். பாட்டில் மன்னரைக் குற்றஞ்சாட்டவில்லை; தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்ட மடமைக்காக அவ்விளைஞனையே கடிந்துகொள்வது போலப் பாடினார். இதனை அவைக்களத்துக் கோழைமை என்பாரும் உளர். அவ்வாறு கூறுவோர் வல்லாட்சியாளர் ஒருவரின் கூடத்தில் உணவுண்ண நேராதவர் ஆவர். சொல்லக்கூடாத ஒன்றை, அவையோர் அனைவரும் அறிந்துகொள்ளும்படி சொல்லாமலே விட்டார் அவர். மழிக்கப்பட்ட தலை அனைவர் கண்முன்னும் இருந்தது.

எள்ளலிலும் அவர் கை தேர்ந்தவர். ஆர்த்தெமோன் என்பவனைப் பற்றிய பாடலில், கந்தல் அணிந்து, சவுக்கடி பட்டு, இழிந்தோருடன் திரிந்தவன் இப்போது பொற்குண்டலமும் தந்தக் குடையுமாக வண்டியேறிச் செல்வதைப் படம் பிடிக்கிறார். காதலைக் கொல்லன் ஒருவனாக்கிப் பெரிய சம்மட்டியால் தன்னை அடித்துக் குளிர்கால ஓடையில் தோய்த்தெடுப்பதாக ஒரு துணுக்கு கூறுகிறது. மதுவை நீர் மிகக் கலந்து, கூச்சலின்றி, நல்ல பாடல்களோடு அருந்த வேண்டும் என்று விருந்தினரை நெறிப்படுத்துகிறது மற்றொன்று. களிமகன் எனப் பெயரெடுத்தவர் அளவு பேணிய செய்தி அது. நரைத்த பொறியும் உதிரும் பல்லுமாய்க் கீழுலகப் பாதையை எண்ணி அஞ்சும் முதியவரின் பாடலும் எஞ்சியுள்ளது. இறங்கியவர் ஏறிவர இயலாத பாதை அது. அப்பாடலுக்கும் அவர் எடுத்துக்கொண்டது அதே துள்ளு சந்தம்தான். இழப்பை எடை குறைந்த ஓசையில் ஏற்றிச் சொல்வது அவருடைய தனித்தன்மை எனலாம். இதைச் செய்து பார்த்த பாவலர்கள் அதன் அருமையை அறிவர்.

கி.மு. 522-இல் பாரசீக ஆளுநர் ஒரோய்ட்டஸ் அனுப்பிய தூதர் சாமோசுக்கு வந்தபோது, பொலிகிராட்டிஸ் ஆடவர் கூடத்தில் சாய்ந்திருந்தார். உடன் தேயோஸ் நகரத்து அனாக்கிரியோன் இருந்தார் என்று ஹெரோடோட்டஸ் கூறும் ஒரு மரபு உண்டு. மன்னர் சுவரை நோக்கிப் படுத்தவாறு, தூதர் பக்கம் திரும்பவும் இல்லை, விடையிறுக்கவும் இல்லையாம். பேரரசுகளின் வரலாற்றில் ஒரு கவி வாளாவிருந்து சான்றாக நிற்கும் அரிய காட்சி இது. பின்னர் அதே ஒரோய்ட்டஸ், கற்களை நிரப்பி மேலே மட்டும் பொன்னைப் பரப்பிய பேழைகளைக் காட்டி ஆசையூட்டினார். மகள் கண்ட தீக்கனவையும் பொருட்படுத்தாது பொலிகிராட்டிஸ் மக்னீசியா நகருக்குச் சென்றார். அங்கே கொல்லப்பட்டு, அவருடைய உடல் கழுமரத்தில் ஏற்றப்பட்டது.

அனாக்கிரியோனை அழைத்துவர ஏதென்சிலிருந்து 50 துடுப்புக் கலம் ஒன்று வந்தது. அனுப்பியவர் அந்நகரை ஆண்ட பிசிஸ்டிராட்டசின் மகன் ஹிப்பார்க்கஸ். ஒரு கவிக்காகப் போர்க்கலம் அனுப்பிய செய்தி பிளேட்டோவின் பெயரால் வழங்கும் உரையாடல் ஒன்றில் இடம்பெற்றுள்ளது. ஏதென்சில் சிமோனிடீசும் அவருடன் இருந்தார். மண்பாண்டத்தில் ஓவியம் தீட்டியோர் அவர் பெயரை எழுதி அவர் உருவை வரைந்தனர். அவ்வாறு பெயர் பொறித்த கலங்கள் 3 கிடைத்துள்ளன. நீண்ட அங்கியும் தலைப்பாகையும் குடையுமாக, அயோனியக் கரையின் நாகரிகத்தோடு தாடி வைத்த ஆடவர் ஆடிப்பாடும் கலங்கள் பலவற்றிற்கும் ஆய்வாளர் அவர் பெயரையே இட்டு வழங்குகின்றனர். கி.மு. 514-இல் ஹர்மோடியசும் அரிஸ்டோகெய்ட்டனும் ஹிப்பார்க்கசைக் குத்திக் கொன்றனர். இரண்டாவது புரவலரும் இவ்வாறு முடிந்தார். அதன்பின் கவி தெசலி நாட்டில் எக்கெக்கிராட்டிதாஸ் என்னும் தலைவரின் சூழலில் சிலகாலம் இருந்ததற்குச் சில சிறு பாக்கள் குறிப்புத் தருகின்றன. ஏதென்சில் கிரிட்டியாசின் குடும்பத்தார் அவரைப் போற்றினர். அக்குடியில் பின்னாளில் தோன்றிய, முப்பதின்மர் ஆட்சியில் ஒருவராகிய கிரிட்டியாஸ், விருந்தில் மது ஊற்றப்படும் காலம்வரை அனாக்கிரியோனின் புகழ் மூப்படையாது என்று பாவியற்றினார். களிமகன் என்னும் முத்திரை குத்தப்பட்டது அங்கிருந்தே எனலாம்.

85 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பர். உலர்ந்த திராட்சையின் விதை தொண்டையில் சிக்கி இறந்தார் என்பது உரோமானிய எழுத்தாளர் கூறும் கதை. திராட்சையைப் பாடியவருக்குத் திராட்சையாலேயே முடிவு கட்டிவிட்ட இக்கதை, வாழ்க்கை வரலாற்றாசிரியரின் சோம்பலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய கல்லறை தேயோசில் இருப்பதாகச் சிமோனிடீசின் பெயரில் வழங்கும் பாக்கள் கூறுகின்றன. இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஏனெனில் தேயோஸ் அதற்குள் மீண்டும் குடியேறப்பட்டிருந்தது. கி.மு. 494-இல் லாதே என்னுமிடத்தில் பாரசீகரை எதிர்த்த கடற்போருக்கு அவ்வூர் 17 கலங்களை அனுப்பியது. அப்தேராவிலிருந்து மக்கள் திரும்பிச் சென்று பழைய ஊரை எழுப்பினர். பிண்டார் அப்தேராவுக்காக இயற்றிய பாடலில், அந்நகரமே தன்னைப் பெற்ற ஊரை மீண்டும் பெற்றெடுத்ததாகக் கூறும் இடம் இதனையே சுட்டும் என்பர்.

மீண்டெழுந்த ஊர் அச்சத்தோடு வாழ்ந்தது. கி.மு. 470 அளவில் கல்லில் வெட்டிய சாபங்கள் அதனைக் காட்டுகின்றன. தேயோசாருக்கு நஞ்சு செய்வோன், தானியம் இறக்குமதியாவதைத் தடுப்போன், கடற்கொள்ளையரோடு கூடுவோன், ஊரைக் காட்டிக் கொடுப்போன் ஆகிய அனைவரும் தம் கிளையோடு அழிக என்பது அவற்றின் கருத்து. திருவிழாக்களில் அலுவலர்கள் இச்சாபங்களை உரக்கக் கூற வேண்டும். கூறத் தவறினால் அவர்களையும் சாபம் பற்றும். கல்லெழுத்தைச் சிதைப்போனையும் பற்றும். புது மதுவைத் திறக்கும் அந்தெஸ்டீரியா விழாவும் அவ்விழாக்களுள் ஒன்று. மதுப்பாடலின் தாயகத்தில் மதுவிழாவன்று ஒலித்த சொற்கள் இவை.

பிற்காலத்துத் தேயோசில் டயோனிசஸ் கடவுளுக்கு ஹெர்மோகெனீஸ் என்னும் கட்டடக் கலைஞர் பெருங்கோயில் எழுப்பினார். கூத்தரும் இசைஞரும் அடங்கிய டயோனிசஸ் கலைஞர் சங்கம் அங்கே தலைமையிடம் கொண்டது. கி.மு. 203 அளவில் மூன்றாம் அந்தியோக்கஸ் ஊரையே தீண்டத்தகாப் புனித நிலமாக அறிவித்தார். கலைஞர்களோடு ஊராருக்குப் பூசல் முற்றி, அவர்கள் எபேசசுக்கு ஓட, அங்கிருந்து அண்டை நிலத்தில் அரசர் குடியமர்த்த, அதுவும் பொறுக்காமல் தேயோசார் உரோமுக்குத் தூது அனுப்ப, கடைசியில் மக்கள் குறைந்திருந்த லெபெதோஸ் அவர்களை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டது. இலக்கியச் சங்கங்களில் பூசல் இக்காலத்துப் புதுமையன்று. அவ்வூரின் மற்றொரு கல்வெட்டு போற்றத்தக்கது. பொலித்ரூஸ் என்பவர் 34,000 திராக்மா அறக்கொடையாக வழங்க, அதன் வருவாயில் ஊர்ப்பிள்ளைகளுக்குக் கல்வி ஏற்பாடாயிற்று. எழுத்து கற்பிக்கும் மூவர்க்கு ஆண்டுக்கு 600, 550, 500 திராக்மா; ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் அவர்களிடம் கற்றனர். யாழ் கற்பிப்பவர்க்கோ 700. அனாக்கிரியோனின் ஊரில் ஊதிய வரிசை இப்படித்தான் இருந்திருக்க முடியும். கி.மு. 170-இல் உரோமானியப் படை அப்தேராவைச் சூறையாடி மக்களை அடிமைகளாக விற்றபோது, அவர்தம் துயரில் துணைநின்ற நகரம் தேயோசே. கடல் கடந்து பிரிந்து ஏறத்தாழ 375 ஆண்டுகள் ஆகியும் உறவு அறவில்லை. உரோமர் ஆட்சிக்காலத்து நாணயங்களில் தேயோசார் யாழேந்தி அமர்ந்த தம் கவியைப் பொறித்தனர்.

ஏதென்சின் அக்ரோபோலிசில், பெரிக்கிளீசின் தந்தை சாந்திப்பசின் சிலைக்கு அருகே அனாக்கிரியோனின் சிலை நின்றது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அதைக் கண்ட பவுசேனியஸ், குடிமயக்கத்தில் பாடும் ஒருவரைப் போல அது இருந்ததாக எழுதினார். அச்சிலையின் படி எனக் கருதப்படும் உரோமானியப் பளிங்குச் சிலை இப்போது கோப்பன்ஹேகன் அருங்காட்சியகத்தில் உள்ளது. தலையைச் சற்றே சாய்த்து, அமைதியாக நிற்கும் அதில் தள்ளாட்டம் எதுவும் தெரியவில்லை. பார்ப்பவர் முன்பே அறிந்ததையே கல்லிலும் காண்கின்றனர் போலும்.

அலெக்சாந்திரிய அறிஞர் தொகுத்த அவருடைய பாடல்கள் இடைக்காலத்தில் அழிந்தன. அவருடைய பெயரை வைத்து, அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டோர் அவர் சந்தத்தில் எழுதிய 60 அளவிலான பாடல்கள் மட்டும் 10-ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்றில் தப்பின. 1554-இல் பாரிசில் ஆன்றி எத்தியன் அவற்றை அச்சிட்டார். ரொன்சார் முதலிய பிரெஞ்சுக் கவிஞர் அவற்றில் மயங்கினர். தாமஸ் மூர் 1800-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். இலண்டனில் அவர் பெயரால் அமைந்த கழகத்தாரின் விருந்துப் பாட்டுக்கு ஜான் ஸ்டாஃபர்டு ஸ்மித் இசையமைத்தார். 1814-இல் பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாடல் அம்மெட்டிலேயே பாடப்பட்டு, 1931-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாட்டுப்பண்ணாயிற்று. அறிஞர் அப்பாடல்களின் சொல்லையும் யாப்பையும் ஆராய்ந்து, அவை அவருடையன அல்ல என்று 19-ஆம் நூற்றாண்டில் நிறுவினர். அவற்றில் இனிமை இல்லை என்று கூற முடியாது. ஆனால் அவற்றில் திரேஸ் இல்லை, வல்லாட்சியாளரின் கூடம் இல்லை, கீழுலக அச்சம் கூடப் பெரிதாக இல்லை. மதுவும் ரோசாவும் மட்டுமே உண்டு. போலி நிலைபெற்று மெய் மறைந்த வரலாறு இது.

மெய்யின் ஒரு துண்டு எகிப்திய மணலில் கிடந்தது. ஒக்சிரிங்கஸ் என்னும் பழைய ஊரின் குப்பை மேடுகளில் தோண்டியெடுத்த பாப்பிரஸ் தாள்களின் 22-ஆம் தொகுதி 1954-இல் வெளிவந்தது. அதில் ஸ்மெர்தியசின் கூந்தலைப் பற்றிய பாடலின் ஒரு பகுதி கிழிந்த நிலையில் இருந்தது. மெல்லிய கழுத்தை நிழல் செய்த கூந்தல் முரட்டுக் கைகளில் அகப்பட்டு, இரும்பின் கூர்முனையை எதிர்ப்பட்டு, கரிய புழுதியில் சரிந்து விழுந்ததாக அப்பாடல் சொல்கிறது. முடி மழித்ததைச் சொல்ல இச்சொற்கள் வேண்டியதில்லை. போரில் வீழ்ந்தவரையும் வீழ்ந்த ஊரையும் சொல்லும் சொற்கள் இவை. அதையடுத்து, திரேசின் பொருட்டும் வெல்ல இயலாமற் போனவன் என்செய்வான் என்று கவி தன்னையே நோகிறார். அந்தத் திரேஸ், கூந்தல் இழந்த இளைஞனின் நாடு மட்டுமா, தேயோசார் குடியேறிக் குருதி சிந்திய நாடுமா என்பது அறிஞரிடையே ஆராய்ச்சிக்குரியதாக உள்ளது. அதே தாளில் அதன் கீழே, பெயர் கூறப்படாத ஒருத்தி, தன் ஊழை நொந்து, கரிய அலை கொந்தளிக்கும் கடலில் தன்னை எறிந்துவிடும்படி தாயிடம் வேண்டுகிறாள்.